எண்பது போதும்

ஜூன் 7, சனி

வண்டி வந்துவிட்டது. வெள்ளை நிறம், பேட்டரியில் ஓடுவது. பள்ளிக்கூடத்தில் என் பூப்பந்து அணிக்கு டைரி எழுதுகிற மாதிரி இதற்கும் எழுதப்போகிறேன். வால்பாறையில் இனிமேல் இந்த மாதிரி வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் என்னிடம்தான், பி.டி. டீச்சர் சுலோச்சனாவிடம்தான், வந்து சந்தேகம் கேட்பார்கள். அப்போது எடுத்து நீட்ட வசதியாக இருக்கும்.

பொள்ளாச்சி ஷோரூமில் சாவியை மாமா கையில் கொடுக்க வந்தார்கள். மாமா என்றால் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, டீ பாக்டரியில் டீ மேக்கராக இருந்து போன வருஷம் ரிட்டையர் ஆனவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அம்மிணிகிட்டக் குடுங்க, டிரைவர் அவங்கதானுங்க" என்று சொல்லிவிட்டார். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிற இந்த நாற்பது கொண்டை ஊசி வளைவையும் எஸ்டேட் ஜீப்பில் ஒற்றைக் கையால் ஒடித்த மனுஷன். சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டதால் டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன், ஐம்பத்தெட்டு வயதில். லைசென்ஸ் முதல் தடவையிலேயே கிடைத்தது.

ஓட்டுகிறபோது ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். அது என் சட்டம். சார்ஜ் எத்தனை சதவீதம், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதெல்லாம் நடுவில் இருக்கிற திரையின் மூலையில் எறும்பு சைஸில் தெரிகிறது. அதை வாசித்துச் சொல்வது மாமாவின் வேலை என்று ஷோரூம் வாசலிலேயே பிரித்துக்கொண்டோம்.

கிளம்பும்போது நூறு சதவீதம், 305 கிலோமீட்டர். வீடு வந்து சேர்ந்தபோது அறுபத்துமூன்று சதவீதம், 112 கிலோமீட்டர். ஓடியது வெறும் அறுபத்துநாலு. மிச்சத்தை எவன் தின்றான்? ஷோரூமுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தேன். அந்தப் பையன் பாவம், "மேடம், அது ஒரு கெஸ் மட்டும்தான் மேடம்" என்று பத்துத் தடவை சொன்னான்.

ஜூன் 14, சனி

கோயமுத்தூர், கண் ஆஸ்பத்திரி. இறங்கும்போது ஒரு வேடிக்கை. மலை உச்சியில், காவர்கல் பனியில் எழுபத்துநாலு சதவீதம் என்றார் மாமா. நாற்பதாவது வளைவிலிருந்து ஒவ்வொன்றாக இறங்க இறங்க, எழுபத்தஞ்சு, எழுபத்தாறு என்று ஏறுகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியே பிடித்துக்கொள்கிறது, பிடிக்கிறபோது சார்ஜும் ஏற்றிக்கொள்கிறது. ஆழியாறு செக்போஸ்ட்டில் எழுபத்தெட்டு, 385 கிலோமீட்டர்! முந்நூறுதான் ஓடும் என்று விற்ற வண்டி.

"இப்படியே எறங்கிட்டே இருந்தா டெல்லிக்கே போயிரலாம் போல இருக்குது" என்றார் மாமா.

கண்ணுக்குள் முதல் ஊசி போட்டார்கள். அவர் எறும்பு கடித்த மாதிரிதான் என்றார். விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறதாம். மாதம் ஒன்று வீதம் மூன்று ஊசி, அப்புறம் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. "நடுவுல விட்டுடாதீங்க, விட்டா திரும்பக் கொண்டுவர்றது கஷ்டம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் எதையும் நடுவில் விடுகிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியாது. அடுத்தது ஜூலை 12.

ஜூன் 22, ஞாயிறு

வண்டியின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கிலோமீட்டர் எண்ணை நம்பக்கூடாது. கடைசியாக எப்படி ஓட்டினோமோ அதை வைத்து, இனியும் அப்படியேதான் ஓட்டுவோம் என்று வண்டி நினைத்துக்கொள்கிறது. மலை ஏறி வந்து நின்றால், வாழ்நாள் முழுக்க ஏறப்போகிறோம் என்று பயந்து 112 என்கிறது. இறங்கிப் போய் நின்றால் 385 என்று அளக்கிறது. முன்னால் ஏற்றமா இறக்கமா என்று அதற்கு எங்கே தெரியும்? பின்னால் நடந்ததுதான் தெரியும்.

ஆனால் சதவீதம் அப்படி இல்லை. அது தொட்டியில் இருக்கிற தண்ணீர், அளந்தால் அளந்ததுதான். இனிமேல் எனக்குச் சதவீதம் மட்டும் சொன்னால் போதும் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு அதில் பரம சந்தோஷம். பாக்டரியில் இலையைக் கையில் அள்ளிக் கசக்கியே ஈரம் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுவார், மெஷின் பிறகு அதையேதான் சொல்லும். வளைவுக்கு அரை சதவீதம் என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

ஜூன் 29, ஞாயிறு

நேற்று ராத்திரி நூறு வரைக்கும் சார்ஜ் போட்டு, காலையில் ஆழியாறுக்கு இறங்கிப் பார்த்தேன். முதல் ஏழெட்டு வளைவு வரைக்கும் வண்டி பிடிக்கவே மாட்டேன் என்கிறது. காலை எடுத்தாலும் சர்ரென்று ஓடுகிறது, பிரேக்கை மிதித்தே இறக்க வேண்டியதாயிற்று. எனக்குப் பயமெல்லாம் இல்லை. மாமா மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

யோசித்தால் நியாயம்தான். வயிறு நிறைந்திருந்தால் இறக்கம் கொடுக்கிற சார்ஜை எங்கே வாங்கி வைக்கும்? சமவெளிக்காரர்கள் நூறு போடலாம். மலை உச்சியில் இருக்கிறவர்கள் இறக்கத்துக்கு இடம் விட்டுத்தான் போட வேண்டும். எண்பதில் நிறுத்தச் சொல்லி வண்டியில் வைத்துவிட்டேன். எதற்கும் வண்டிப் புத்தகத்தில் பார்க்கச் சொன்னேன் மாமாவை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார், கொஞ்ச நேரம் புரட்டினார். "ஆமா அம்மிணி, எண்பது போதும்னுதான் போட்டிருக்குது" என்றார். நான் சொன்னது எப்போது தப்பாகியிருக்கிறது?

ஜூலை 10, வியாழன்

பக்கத்துப் பள்ளிகளோடு ஆடுகிற குறுவட்டப் போட்டி 12ஆம் தேதி என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அன்றைக்குத்தான் ஊசி. மேரி டீச்சரிடம் அணியைக் கொடுத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். மேரிக்கு ஸ்கோர் எழுதத் தெரியும், எதிரியின் சர்வீஸை உடைக்கத் தெரியாது.

மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஊசி போட்டதுல கண்ணு பளிச்சுன்னு இருக்குது. ஒரு வாரம் தள்ளிப் போனா என்ன இப்ப? நீ பிள்ளைகளோட போ." ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து சொல்லிவிட்டார்.

ஜூலை 12, சனி

ஜெயித்தோம்! 35–22, 35–19. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

ஜூலை 19, சனி

ராத்திரி பூராவும் மழை. அட்டகட்டி பக்கம் மண் சரிந்து ரோடு அடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை.

ஜூலை 26, சனி

ரோடு திறந்துவிட்டார்கள். மாமாவுக்குச் சளி. சளியோடு ஊசி போடமாட்டார்கள் என்கிறார். அப்படியும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 9, சனி

பொள்ளாச்சியில் அவருடைய பங்காளி வீட்டுக் கல்யாணம். ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துப் போய்விடலாம் என்றால், சனிக்கிழமை கூட்டம், பிறகு பார்க்கலாம் என்றார். கண்ணைப் பற்றிப் பேசினாலே மனுஷனுக்கு முகம் சுருங்குகிறது. ஊசியென்றால் ஆண்பிள்ளைகளுக்குப் பயம், வெளியே சொல்லமாட்டார்கள்.

கல்யாணத்தில் அவருக்கு நேர் எதிரே வந்து நின்ற என் தங்கையை, "வாங்க, எப்ப வந்தீங்க?" என்று யாரோ விருந்தாளியை வரவேற்கிற மாதிரி கும்பிட்டார். அவள் சிரிசிரியென்று சிரித்தாள். மச்சினியைக் கிண்டல் பண்ணுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

திரும்பி ஏறும்போது வளைவுக்கு வளைவு சதவீதம் சொன்னார். வீட்டில் நிறுத்திவிட்டு நான் பார்த்தபோது நாற்பத்தொன்று, அவர் கடைசியாகச் சொன்னது நாற்பத்துநாலு. "கடைசித் திருப்பத்துல டபக்குன்னு எறங்கிருச்சு" என்றார்.

ஆகஸ்ட் 20, புதன்

பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம். ஆஸ்பத்திரியே நம் இடத்துக்கு வந்த மாதிரி ஆயிற்று என்று மாமாவையும் வரச் சொன்னேன். என் அணிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் முதலில். ஒவ்வொருத்தியும் ஊரே கேட்கிற மாதிரி பலகையின் எழுத்துகளைக் கூவினாள், நான் பழக்கிய தொண்டை. மாமா கடைசியில் நின்றார். அவர் முறை வந்ததும் மேலிருந்து கீழ் வரைக்கும் தட்டாமல் கடகடவென்று ஒப்பித்தார். முகாமுக்கு வந்த பையன், "அறுபது வயசுல இப்படியா!" என்று அசந்துபோனான்.

ஒரு ஊசிக்கே இத்தனை பலன். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. இரண்டாவது ஊசியை மாவட்டப் போட்டி முடிந்தபிறகு போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ரிட்டையர் ஆனால் ஆம்பளைகளுக்கு என்ன சோம்பேறித்தனம்! முன்னெல்லாம் பேப்பரை என் கையில் விடமாட்டார். இப்போது நான் தோசை ஊற்றிக்கொண்டே வாசிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். செல்போனையும் தொல்லை என்று டிராயரில் போட்டு வைத்துவிட்டார். இலங்கை வானொலி கேட்ட காலத்துக்கே போய்விட்டார் போலிருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

நடந்துவிட்டு வந்தார். காலில் மூன்று அட்டை, ரத்தம் செருப்பு வரைக்கும். வால்பாறையில் பிறந்து வளர்ந்தவர், அட்டை ஏறுகிறது தெரியாமல் நடப்பாரா? உப்பு வைத்து எடுத்தேன். திட்டினேன். சிரித்தார்.

அக்டோபர் 5, ஞாயிறு

வருவாய் மாவட்டப் போட்டி 11ஆம் தேதி சனிக்கிழமை, கோயமுத்தூரில். இதில் ஜெயித்தால் மாநிலப் போட்டி. இருபத்தாறு வருஷ சர்வீஸில் என் அணி மாநிலத்தைத் தொட்டதில்லை. ரிட்டையர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம். இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த முறை போகவில்லை என்றால் எப்போதும் இல்லை.

ஒரு வாரமாகக் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. வண்டி அறுபதைத் தாண்டவில்லை. அதனால் என்ன, கணக்கு என் கையில் இருக்கிறது.

அக்டோபர் 11, சனி

கோயமுத்தூர். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமாவை உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள். நேற்று நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அணிக்குப் புது ஜெர்சி தைத்து வாங்கி வரப் பொள்ளாச்சிக்குப் போனோம். எழுதிக் கொடுத்த எண்களை டெய்லர் சரியாகத் தைத்திருந்தார். சார்ஜ் போடுகிற இடத்தில் முன்னால் இரண்டு வண்டி நின்றது. எங்கள் வண்டியில் ஐம்பத்தொன்று, நானே கண்ணால் பார்த்தேன். ஏறி வீடு சேர முப்பத்தேழு போதும். "ஐம்பத்தொண்ணை வெச்சுக்கிட்டு எதுக்குக் காத்துக் கெடக்கோணும்?" என்று எடுத்துவிட்டேன். மாமாவும் சரி என்றார்.

ஆழியாறு செக்போஸ்ட்டில் நாற்பத்திரண்டு, அதையும் நானே பார்த்தேன். அதற்குப் பிறகு ஏற்றம், என் கண் ரோட்டில். ஒன்பதாவது வளைவில் முப்பத்தேழு என்றார். இருபதாவதில் முப்பத்தொன்று. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டிங் என்று ஒரு சத்தம்.

"என்னங்க மாமா அது?"

"பின்னால ஜெர்சி மூட்டை இருக்குதல்ல, ஆளுன்னு நெனச்சுப் பெல்ட் போடச் சொல்லுது."

முப்பத்தொன்றாவது வளைவை ஒடித்து நிமிர்ந்தபோது வண்டி இழுக்கவில்லை. காலை முழுசாக அழுத்தினேன். மாட்டு வண்டி வேகம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு ஆமைப் படம் எரிந்தது.

"எத்தனைங்க?"

"இருபத்தஞ்சு."

ஓரமாக நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டேன். திரையைப் பார்த்தேன். நாலு. கிலோமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை, வெறும் கோடு.

"மாமா, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. எத்தனை?"

அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார். "இருபத்தஞ்சுதான் அம்மிணி. வண்டியில வேற ஏதோ கோளாறு."

எனக்கு அப்போது என்ன தோன்றியதோ, திரையைத் தொட்டுப் பாட்டு வைக்கிற பக்கத்துக்கு மாற்றினேன். அதில் எண்ணே கிடையாது.

"இப்போ?"

"அதேதான். இருபத்தஞ்சு."

நான் மூச்சு விட்டதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எப்ப இருந்து?" என்றேன்.

"ஆடியில இருந்தே நடுவுல புகை மாதிரி. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. ரோடு தெரியுது, வளைவு தெரியுது. எழுத்துத்தான் தெரியாது. உன் வண்டிக் கணக்கு சுலபம், வளைவுக்கு அரைக்கு மேல கொஞ்சம். இதுவரைக்கும் தப்பினதே இல்லையே."

"அந்தப் பலகை?"

"உன் பிள்ளைக பன்னெண்டு பேரும் கத்துனா யாருக்குத்தான் மனப்பாடம் ஆகாது?"

"எதுக்கு மாமா மறைச்சீங்க?"

"சொன்னா நீ பந்தைக் கீழ போட்டுட்டு என்கூட வந்திருப்ப. இருபத்தாறு வருஷமா மாநிலம் மாநிலம்னு சொல்லிட்டு இருக்கறவ. மூணு மாசந்தானே, தாங்கும்னு நெனச்சேன்."

கதவைத் திறந்து இறங்கினேன். ஆத்திரம் என்றால் அப்படி ஒரு ஆத்திரம். அவர் மேலேயா, என் மேலேயா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து மூச்சு இருக்கிற வரைக்கும் ஊதினேன். தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் அலறிக்கொண்டு ஓடின. கீழே ஆழியாறு அணை வெயிலில் பளபளவென்று கிடந்தது. அவர் அதைப் பார்க்கிறாரா, பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பக்கம் வந்த பஸ்ஸை நிறுத்தி, டிரைவர் இறங்கி வந்து விசாரித்தார். ஏறிக்கொள்ளுங்கள், வீட்டில் விட்டுவிடுகிறேன், வண்டியை நாளைக்கு இழுத்துக்கொள்ளலாம் என்றார். நல்ல மனுஷன். காலையில் ஐந்து மணிக்கு அணி கிளம்புகிறது, வீட்டுக்குப் போனால் நானும் அந்த வேனில் ஏறலாம். அந்த நினைப்பும் ஒரு நொடி வந்துபோனது, இல்லை என்று எழுதினால் பொய்.

"நீங்க கிளம்புங்க தம்பி. நாங்க கீழ போறோம்" என்றேன்.

நாலு சதவீதத்தில் ஏற முடியாது. ஆனால் இறங்க முடியும், இறங்கினால் ஏறும். பஸ் டிரைவர் வழியை மறித்து நின்று கொடுக்க, வளைவில் வண்டியைத் திருப்பினேன். காலை எடுத்தேன். வண்டி தானாகப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தது.

"எங்க அம்மிணி போற?"

"கோயமுத்தூருக்கு. வாயைத் திறக்காம உட்காருங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் சட்டத்தை உடைத்தேன். நேர் ரோடு வருகிற இடத்தில் மட்டும் திரையை ஓரக்கண்ணால் பார்த்து, எண்ணை நானே அவருக்குச் சொன்னேன். அஞ்சு. ஆறு. பத்தாவது வளைவில் எட்டு. ஆழியாறில் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் அவர் "ம்" கொட்டினார், கதை கேட்கிற மாதிரி.

அதற்கப்புறம் சமதளம், இறக்கம் தருகிற சலுகையெல்லாம் முடிந்தது. ஏசியை அணைத்தேன், கண்ணாடியை இறக்கினேன், நாற்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்து முறைத்துவிட்டுப் போனான். அடித்துக்கொள்ளட்டும். பொள்ளாச்சியில் சார்ஜரில் போய் நின்றபோது ஒன்று. அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், எத்தனை மணியானாலும் வாருங்கள் என்றார்கள். அடுத்தது மேரி டீச்சருக்கு. "நீதான் கூட்டிட்டுப் போகோணும். எதிரி சர்வீஸ் போடும்போது ஓரத்து ஆளை ஒரு அடி பின்னால நிக்கச் சொல்லு" என்றேன். மேரி அழுதுவிட்டாள். நான் அழவில்லை, சார்ஜர் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரியே ஸ்கேன் எடுத்தார்கள். இப்போது உள்ளே ஊசி போடுகிறார்கள். டாக்டரம்மா பைலில் ஜூன் மாதத் தேதியைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 12, ஞாயிறு

பைனலில் தோற்றார்கள். 33–35. புது ஜெர்சி என் வண்டியிலேயே கிடக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

வண்டிப் புத்தகத்தை இன்று நானே முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன், மாமாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக. எழுபத்திரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. வாரம் ஒரு முறையாவது நூறு வரைக்கும் சார்ஜ் போட வேண்டுமாம். இந்த வகைப் பேட்டரி நடுவில் எந்த அளவில் இருக்கிறது என்று வண்டிக்கே சரியாகத் தெரியாதாம். போனது வந்ததைக் கூட்டிக் கழித்துத்தான் ஒரு சதவீதத்தைக் காட்டுமாம். முழுசாக நிரம்பும்போதுதான் அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளுமாம். மூன்றரை மாசமாக நான் நூறைத் தொடவிடவே இல்லை. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பிப் போயிருக்கிறது.

ஆக, சதவீதமும் கெஸ்தான். ஜூன் 22ஆம் தேதி எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும், என்னிடம் கேட்க வருகிறவர்கள் அதையும் படிக்கட்டும்.

"எண்பது போதும்னு போட்டிருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"பொடி எழுத்து அப்பவே தெரியலை. நீ சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன். நீ சொன்னா செரியாத்தானே இருக்கும்."

எழுந்து போய் வண்டியை நூறுக்கு வைத்தேன். எண்பத்தாறு வரைக்கும் மெதுவாக ஏறிய எண் அங்கேயே வெகுநேரம் நின்றது. மறுபடி பார்க்கும்போது நூறு என்று காட்டியது. இனி நூறோடு இறங்க வேண்டியிருந்தால் முதல் ஏழு வளைவுக்குப் பிரேக்கை மிதித்து இறக்குவேன். அதற்குத்தான் பிரேக் வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 8, சனி

மூன்றாவது ஊசி, சொன்ன தேதிக்குச் சொன்ன நேரத்தில். எங்களை ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போகிற அணிக்குப் பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், இதே நாளில். வரமுடியாது என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

டாக்டரம்மா இரண்டு கண்ணையும் ஸ்கேனில் காட்டினார். வலது கண்ணில் நீர் வற்றிக்கொண்டு வருகிறது. பலகையில் இரண்டு வரி கூடுதலாக வாசிக்கிறார், மனப்பாடம் இல்லாமல். பலகையை மாற்றி வைக்கச் சொல்லி நான்தான் கேட்டுக்கொண்டேன். பேப்பர் தலைப்பு வரைக்கும் வந்துவிடும் என்று நம்பலாம் என்றார். இடது கண்ணின் நடுப்பகுதி இனித் திரும்பாது. "ஜூலையில வந்திருந்தா?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இப்ப வந்துட்டீங்கல்ல" என்றார். என்ன பதில் அது என்று எனக்குப் புரிந்தது.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தோம். வலது கண்ணில் கட்டு. மரத்து நிழல், மத்தியான நேரம், அவசரம் ஒன்றும் இல்லை. நான் வண்டியை எடுக்கவில்லை. அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"என்னைப் பாருங்க மாமா. அந்த இடது கண்ணுல நான் எவ்வளவு தெரியறேன்? உள்ளதைச் சொல்லோணும். கணக்குப் போட்டுச் சொல்லக்கூடாது."

தலையை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். இந்த மாதங்களில் அவர் எதையும் இவ்வளவு நேரம் எடுத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை.

"முடி தெரியுது. நரைச்சதுகூடத் தெரியுது. தோள் தெரியுது, சேலை ஊதாவோ நீலமோ ஏதோ ஒண்ணு. காது தெரியுது. நடுவுலதான் கலங்கல். மூஞ்சி இருக்கற எடந்தான் தெரியுது, மூஞ்சி தெரியலை. நீ சிரிக்கறயா அழுகறயான்னு தெரியலை அம்மிணி. சத்தமும் வரலை. நீயே சொல்லு."

முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இந்தக் கேள்விக்கு எப்போதும் அழவில்லை என்ற ஒரே பதில்தான் வைத்திருந்தேன்.

"அழுகறேனுங்க மாமா" என்றேன்.